ஊசுட்டேரியில் கறுத்த வயிற்று ஆலாக்கள்: யாராவது அடையாளம் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. புதுச்சேரி ஊசுட்டேரிக்கு மார்கழியிலிருந்து ஞாயிறுதோறும் மகளோடு போய்வருகிறேன். அப்போது நீர்மேல் தாழப் பறந்த ஆலாக்கள் (tern என்னும் நீர்ப்பறவைகள்) எல்லாம் வெளிறிய சாம்பலும் வெள்ளையுமாகவே இருந்தன. நேற்று, பங்குனி வெயில் ஏறுவதற்குள் படகுத்துறைப் பக்கம் பார்த்தால், ஏழெட்டுப் பறவைகளுக்கு வயிறு கரி பூசியதுபோல் இருக்கிறது! வடக்கே திரும்பும் முன் இனப்பெருக்கக் கால இறகுக்கு மாறுகின்றன என்பது புரிகிறது. ஆனால் எந்த ஆலா?

தலையில் கறுப்புத் தொப்பி, கன்னத்தில் வெள்ளைக் கோடு, அலகில் செம்மை. மீசை ஆலா என்கிறேன் நான். வெண்சிறகு ஆலா என்கிறாள் மகள். அதற்கு இறக்கையின் கீழ்ப்புறமும் கறுத்திருக்க வேண்டுமே? அதைத்தான் பார்க்கத் தவறினோம். என் இருநோக்கி பழையது, கண்ணாடியில் பூஞ்சை வேறு.

படம் மங்கல்தான், இணைத்திருக்கிறேன். பறக்கும்போது எதைக் கவனித்தால் இரண்டையும் பிரித்தறியலாம்? சித்திரை பிறந்த பிறகும் இவற்றை இங்கே பார்த்தவர்கள் உண்டா? வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு அங்கிருப்போம். அனுபவமுள்ளவர் ஒருவர் உடன் வந்தால் தேநீர் என் செலவு.