மூடாக்கு அதிகமா போட்டுட்டேனா? ஜினியா விதை ஒண்ணு கூட முளைக்கல

தொட்டிச்செடி:
எல்லாருக்கும் வணக்கம். இத்தன வருஷமா தொட்டியில மட்டும் தான் செடி வெச்சிட்டு இருந்தேன், இந்த ஸ்பிரிங்ல தான் முதல் தடவையா தரையில பாத்தி போட்டேன், 3 மீட்டர் நீளம் 1 மீட்டர் அகலம். பனி எல்லாம் நின்ன உடனே பெட்டூனியா நாத்தும் மேரிகோல்டு நாத்தும் நட்டேன், நடுவுல இருந்த இடத்துல ஜினியா, காஸ்மாஸ் விதைய தூவிட்டு அதுக்கு மேலயே மரச்சில்லு மூடாக்கு போட்டுட்டேன். களை வராது ஈரம் நிக்கும்னு எல்லாரும் சொல்றாங்களேன்னு 50 லிட்டர் மூட்டை எட்டு வாங்கி எட்டையும் கொட்டிட்டேன் 🙈

இப்போ 18 நாள் ஆச்சு. விதை ஒண்ணு கூட வெளிய வரல. மேரிகோல்டுல ரெண்டு செடி தண்டு அடியில பழுப்பாகி, தொட்டா நசநசன்னு இருக்கு, அப்படியே சாஞ்சிடுச்சு. பெட்டூனியா அடி இலை மஞ்சளாகுது. இதுல நேத்து பெஞ்ச மழைக்கு அப்புறம் மூடாக்கு மேல மஞ்சளா பஞ்சு மாதிரி, நாய் வாந்தி எடுத்த மாதிரி ஒண்ணு வந்திருக்கு. எல்லாத்தையும் அள்ளி எறிஞ்சிட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கணுமா?

மண்வெட்டி:
எறியாதீங்க, ஒண்ணும் மோசம் போகல. முதல்ல கணக்க பாருங்க. 3 சதுர மீட்டர்ல 400 லிட்டர் கொட்டினா 13 செமீ உயரம் வரும், 5 இஞ்சுக்கு மேல. பூச்செடி பாத்திக்கு 5 செமீ தாராளம், மிஞ்சிப்போனா 7. அதாவது உங்களுக்கு மூணு மூட்டையே போதும், மீதி அஞ்சும் அதிகம்.

அதைவிட பெரிய விஷயம் எப்போ போட்டீங்கன்றது தான். மூடாக்குன்றது போர்வை மாதிரி, கீழ இருக்கிறத அப்படியே வெச்சிருக்கும். வெயில் காலத்துல மண்ணு சூடாகாம காப்பாத்துற அதே வேலைய ஸ்பிரிங்ல செஞ்சா, குளிர்ல இருந்த மண்ணு குளிராவே கெடக்கும். ஜினியாவுக்கு மண்ணு 21 டிகிரி தாண்டினா தான் குஷி, அப்போ ஒரு வாரத்துக்குள்ள முளைச்சிடும், ஜில்லுன்னு இருந்தா உள்ளயே அழுகிடும். இப்போ மூடாக்க விலக்கிட்டு விரல மண்ணுல விட்டு பாருங்க, பக்கத்துல வெயில் பட்ட மண்ணுலயும் விட்டு பாருங்க, வித்தியாசம் உங்களுக்கே புரியும்.

விதை போட்ட இடத்துல மூடாக்கே கூடாது. நாத்து வெளிய வந்து ஒரு 8, 10 செமீ உயரம் ஆகி நாலு இலை விட்டதுக்கப்புறம் சுத்தி லேசா போடலாம். களைய முளைக்க விடாத அதே சரக்கு தான், அதுக்கு களை எது ஜினியா எதுன்னு எப்படி தெரியும் 😄

சாஞ்ச மேரிகோல்டு பொழைக்காது, பிடுங்கிடுங்க. தண்டுல ஈரச்சில்லு ஒட்டிட்டே இருந்தா இப்படித்தான் அழுகும். மத்த செடிக்கெல்லாம் தண்டுல இருந்து நாலு விரக்கடை தள்ளி சில்ல ஒதுக்கிடுங்க, பார்த்தா செடி ஒரு சின்ன குழிக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கணும்.

பச்சைக்கிளி:
மரச்சில்லு மண்ணுல இருக்கிற நைட்ரஜன் எல்லாத்தையும் உறிஞ்சிடும் ப்ரோ, இலை மஞ்சளாகுறது அதான். முழுசா எடுத்துட்டு யூரியா கொஞ்சம் போடுங்க சரியாயிடும்

மண்வெட்டி:
@பச்சைக்கிளி சில்ல மண்ணோட கொத்தி கலந்து விட்டா நீங்க சொல்றது கரெக்ட். மேலாப்புல கெடந்தா அது மண்ண தொடுற அந்த மெல்லிசு இடத்துல மட்டும் தான் நடக்கும், வேர் அதுக்கு கீழ தானே இருக்கு. எனக்கு என்னமோ ஈரம் அதிகமாகி வேருக்கு மூச்சு முட்டுதுன்னு தான் தோணுது. இந்த நிலைமையில யூரியா வேண்டவே வேண்டாம், வேரு சரியா இல்லாத செடிக்கு இன்னும் கஷ்டம். ஒரு பத்து நாள் காய விட்டு பாருங்க, புது இலை பச்சையா வந்தா விட்டுடுங்க.

ஜினியா அக்கா:
அந்த மஞ்சள் பஞ்ச பாத்து பயப்படாதீங்க தங்கம், அது ஸ்லைம் மோல்டு. செடிய ஒண்ணும் பண்ணாது, மக்குற மரத்துல இருக்கிற பாக்டீரியாவ தின்னு வாழுது. ரெண்டு மூணு நாள்ல காஞ்சு பழுப்பு பொடி ஆயிடும். கண்ணுக்கு பிடிக்கலன்னா ஒரு கரண்டியால சில்லோட சேத்து வழிச்சு போட்டுடுங்க.

இன்னொண்ணு, மூட்டைய பிரிக்கும்போது புளிச்ச வாடை வந்துச்சா? வினிகர் மாதிரி? பிளாஸ்டிக் மூட்டையில காத்தே இல்லாம ரொம்ப நாள் கெடந்தா உள்ள அமிலம் உண்டாயிடும், அத நேரா இளஞ்செடி கிட்ட கொட்டினா ஒரே நாள்ல இலை வெளுத்து கருகிடும். நான் ஒரு வரிசை பால்சம் அப்படி தான் பறிகொடுத்தேன், காலையில போட்டேன் சாயங்காலம் வெந்த கீரை மாதிரி தொங்குது. இப்பல்லாம் மூட்டைய பிரிச்சு ரெண்டு நாள் பரப்பி ஆற விட்டுட்டு தான் போடறது.

அப்புறம் பாத்தி ஓரத்துல ஒரு கை அகலம் வெறும் மண்ணா விட்டு வைங்களேன். நிறைய காட்டு தேனீங்க மண்ணுல தான் வளை தோண்டும், முழுக்க மூடிட்டா அதுங்க எங்க போகும்.

தொட்டிச்செடி:
அக்கா, அண்ணா ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. புளிச்ச வாடை எதுவும் வரல. இன்னிக்கு காலையில உக்காந்து கையாலயே விலக்கினேன், அடியில மண்ணு ஃப்ரிட்ஜ்ல வெச்ச மாதிரி ஜில்லுன்னு இருக்கு, அள்ளி பிடிச்சா உருண்டை பிடிக்குது. எடுத்த சில்லு எல்லாத்தையும் நடைபாதையில கொட்டிட்டேன். ஒரு ஓரத்துல மட்டும், மூடாக்கு தானா மெல்லிசா விழுந்த இடத்துல, நாலஞ்சு ஜினியா வெள்ளையா கொக்கி மாதிரி வளைஞ்சு நிக்குது, இலை இன்னும் விரியல. அதுங்க மேல நேரா வெயில் படலாமா இல்ல ஒரு நாள் ரெண்டு நாள் நிழல் காட்டணுமா?

ஜினியா அக்கா:
திடீர்னு உச்சி வெயில் வேண்டாம். ரெண்டு நாள் மத்தியானத்துக்கு மட்டும் ஒரு அட்டைய சாய்ச்சு வெச்சு நிழல் குடுங்க, இலை பச்சை பிடிச்சதும் எடுத்துடுங்க. காலி இடத்துல மறுபடி விதை போடுங்க, இந்த தடவை அரை செமீ மண்ணு மட்டும் மேல.