மண்டைக்காட்டில் ஆறு பேரைச் சுட்டது எந்த மதம்?

குளச்சல்காரன்:
தோழர் செங்கதிர் நேற்று வேறோர் இழையில் எழுதியதைப் படித்த எரிச்சலில்தான் இதைத் தொடங்குகிறேன். "1982-இல் மண்டைக்காட்டில் இந்துக்களும் கிறித்தவர்களும் மோதிக்கொண்டதில் ஆறு பேர் மாண்டனர், குமரி மாவட்டத்தை மீட்டது குன்றக்குடி அடிகளார் முதலானோரின் நல்லிணக்கப் பிரசாரம், 2022 அக்டோபர் 11 சமூக நல்லிணக்க மனிதச் சங்கிலி அதன் தொடர்ச்சி" என்று முழங்கியிருக்கிறார். அந்த ஆறு பேரும் எவரோடும் மோதி மாளவில்லை. அவ்வூர்ப் பகவதியம்மன் கோயிலின் மாசிக் கொடை விழாக் காலத்தில், மார்ச் 1 அன்று, காவல்துறை சுட்டதில் இறந்த மீனவர்கள் அவர்கள். காவல்துறை எந்த மதத்தைச் சேர்ந்தது என்று தோழர் விளக்கினால் நன்றாக இருக்கும்.

செங்கதிர்:
அண்ணாச்சிக்கு வணக்கம். துப்பாக்கி தானாக வெடித்ததாக நான் எழுதவில்லை. சூடு நடப்பதற்கு முந்தைய மாதம் நாகர்கோவிலில் இந்து மாநாடு கூட்டி, கடலோர மக்களை அந்நியர்களாகச் சித்திரித்தவர்கள் யார்? சூட்டுக்குப் பின் ஊர் ஊராக வீடுகள் தாக்கப்பட்டதும் காவல்துறையின் வேலைதானா? வகுப்புவாத அரசியல் மூட்டிய தீ அது. அதை எதிர்த்துத் தெருவில் நிற்பவர்களைக் கேலி செய்வது உங்களுக்கு இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல என்பதை இங்குள்ள எல்லோரும் அறிவார்கள்.

வேளிமலை:
இருவருமே வசதியாக ஒன்றை மறைக்கிறீர்கள். கடலில் நீராடச் சென்ற பெண் பக்தர்கள் தொல்லைக்கு ஆளானார்கள் என்ற புகாரை விட்டுவிட்டு மண்டைக்காட்டைப் பற்றி எப்படிப் பேச முடியும்? இருமுடி கட்டிப் பெண்கள் வரும் கோயில் என்பதால்தான் அதைப் பெண்களின் சபரிமலை என்கிறோம். கலவரத்தை விசாரித்த நீதிபதி வேணுகோபால் ஆணையம் மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்ததே, அதை எந்த மனிதச் சங்கிலியில் வாசித்தீர்கள்?

செங்கதிர்:
அதே ஆணையம் ஆர்.எஸ்.எஸ். அமைப்பின் போக்கைக் கடுமையாகச் சாடியதையும் நீங்கள் வாசித்துக் காட்டலாமே. அந்தப் பக்கம் மட்டும் உங்கள் பிரதியில் கிழிந்துபோயிருக்கும்.

குளச்சல்காரன்:
ஆணையத்தின் அறிக்கையை ஆளுக்கொரு பக்கமாகக் கிழித்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. என் கேள்வி அப்படியே நிற்கிறது: ஆறு பேரைச் சுட்டது யார்? இதை ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறேன் என்றால், "இரு மதத்தார் மோதல்" என்று எழுதிய மறுகணமே அரசும் நிர்வாகமும் கணக்கிலிருந்து தப்பிவிடுகின்றன. அதன் பிறகு மிஞ்சுவது, "அண்ணன் தம்பிகளே, ஒற்றுமையாக இருங்கள்" என்று அந்த மக்களுக்கே உபதேசம் செய்யும் மேடைதான். பகவதியம்மனையும் மாதாவையும் அக்கா தங்கை என்று சொல்லிக்கொண்டு, கொடைக்குப் போய்வந்த கடற்கரைச் சனத்துக்கு நகரத்திலிருந்து போய் ஒற்றுமை கற்பிக்க வேண்டிய தேவை என்ன?

குன்றக்குடி அடிகளாரை உங்கள் வரிசையில் முதலாவதாக நிறுத்துவதையும் நான் ஏற்கவில்லை. அவர் கலவரம் பாதித்த ஊர்களுக்கே நேரில் போனார். சைவ மடத்தின் தலைவர் ஒருவர் காவி உடையோடு மீனவக் குப்பங்களுக்குள் நுழைந்து, இரு தரப்பாரோடும் உட்கார்ந்து பேசினார். பின்னர் அவர் முன்னின்று வளர்த்த திருவருட் பேரவையில் மும்மதத்தாரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். ஒலிபெருக்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், நீராடும் துறைக்கு எந்த வழியாகப் போக வேண்டும் என்பது போன்ற சில்லறைச் சங்கதிகளை விழாவுக்கு முன்பே இரு ஊராரும் கூடிப் பேசித் தீர்ப்பதைத்தான் நான் அடித்தளப் பணி என்பேன். மாலை 4 மணிக்குச் சாலையோரத்தில் கைகோத்து, படம் எடுத்துக்கொண்டு 5 மணிக்குக் கலைவதற்கு வேறு பெயர் தேடுங்கள்.

செங்கதிர்:
அந்தச் சங்கிலியில் இடதுசாரிகளும் விடுதலைச் சிறுத்தைகளும் இன்னும் பல அமைப்புகளும் நின்றன. முதலில் அக்டோபர் 2-க்குத் திட்டமிட்டோம், காவல்துறை ஆர்.எஸ்.எஸ். பேரணிக்கும் எங்களுக்கும் சேர்த்தே அனுமதி மறுத்தது. வெறுப்பையும் அதை எதிர்ப்பவரையும் ஒரே தட்டில் வைத்த அந்த நிர்வாகத்தை எதிர்த்து அன்று நீங்கள் ஒரு வரியாவது எழுதினீர்களா?

குளச்சல்காரன்:
எழுதினேன், தேடிப் படிக்கும் பொறுமை உங்களுக்கு இல்லை. பலனைப் பாருங்கள். நீங்கள் கைகோத்த அடுத்த மாதம் ஆர்.எஸ்.எஸ். காரர்கள் 3 இடங்களில் பேரணி நடந்தார்கள். 2023 ஏப்ரல் 16 அன்று 45 இடங்களில் நடந்தார்கள்.

செங்கதிர்:
அந்தப் பேரணிக்கு உச்ச நீதிமன்றம் வழிவிட்டதற்கு மனிதச் சங்கிலியா பொறுப்பு? உங்கள் தர்க்கப்படி, அடிகளார் குப்பம் குப்பமாகப் போய்வந்த பிறகும் 1984-இல் பத்மநாபபுரத்தில் இந்து முன்னணியின் வேட்பாளர் சுயேச்சையாக நின்று சட்டமன்றம் போனார். 1996-இல் அதே தொகுதிதான் தமிழகத்தின் முதல் பாஜக உறுப்பினரை அனுப்பியது. அப்படியானால் உங்கள் அடித்தளப் பணியும் தோற்றதுதானே?

வேளிமலை:
மக்கள் வாக்களித்ததைத் தோல்வி என்கிறார் மதச்சார்பற்ற தோழர்! காங்கிரஸ் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த தாணுலிங்க நாடார் ஏன் இந்து முன்னணிக்குத் தலைமையேற்றார் என்று ஒருமுறையாவது யோசித்தீர்களா? விவேகானந்தர் பாறையில் சிலுவை நட்ட காலத்திலிருந்தே புகைந்துகொண்டிருந்த குமுறல் அது. உங்களைப் போன்றவர்கள் 1970-இல் நினைவு மண்டபம் திறந்ததையே பொறுத்துக்கொள்ளாதவர்கள்.

குளச்சல்காரன்:
பாறை விவகாரத்துக்கு இழுக்காதீர்கள். போன மாதம் அதில் நீங்கள் பாதியில் ஓடியது நினைவிருக்கிறது. தோழரின் கேள்விக்கு வருகிறேன். 1984-இல் அந்த வாக்குகள் ஏன் விழுந்தன? ஆறு பேர் சாவுக்கு நிர்வாகத்தைக் கேள்வி கேட்காமல், எல்லாக் கட்சிகளும் "மோதல், மோதல்" என்றே பேசின. இரு பக்கத்தாரும் தங்களுக்குக் காவல் தங்கள் மதத்தாரே என்று முடிவுசெய்துகொண்டார்கள். கிட்டத்தட்டச் சரிபாதியாக இரு மதத்தார் வாழும் மாவட்டத்தில் அந்த முடிவுக்கு என்ன விலை என்பது வெளியூரிலிருந்து சங்கிலி கட்ட வருபவர்களுக்குத் தெரியாது.

செங்கதிர்:
நான் தக்கலைக்காரன், அண்ணாச்சி. வெளியூர் என்று யாரைச் சொல்கிறீர்கள்? தனக்கு மட்டுமே மண்டைக்காடு பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டிருப்பதைப் போல எழுதும் இந்த மிடுக்கை முதலில் விடுங்கள்.

வழிப்போக்கன்:
ஐயா, "அடித்தளப் பணி" என்று இருவரும் சொல்வது ஒன்றைத்தானா என்று முதலில் தெளிவுபடுத்திக்கொண்டால் நல்லது.

குளச்சல்காரன்:
அதெல்லாம் பிறகு பார்க்கலாம். தக்கலைக்காரர் என்றால் இன்னும் மோசம். மண்டைக்காடு கூப்பிடு தூரத்தில் இருந்தும் "மோதலில் மாண்டனர்" என்று எழுதக் கை கூசவில்லையா? அந்த ஒரு வாக்கியத்தைத் திருத்துங்கள், மற்றதைப் பேசலாம்.

செங்கதிர்:
ஒரு சொல்லையும் திருத்த மாட்டேன். மதவெறி இல்லாதிருந்தால் அங்கே காவல்துறைக்கு என்ன வேலை?

குளச்சல்காரன்:
ஆக, சுட்டது யார் என்பதற்கு இத்தனை பதிவுகள் கடந்தும் விடை இல்லை. தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று சுட்டார்களே, அங்கே எந்த இரு மதத்தார் மோதிக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்தே எழுதிவிடுங்கள், தோழர்.