இன்சுலின் போடுபவர் சிறைக்குள் போனால் மருந்து எங்கே தவறும்?

புதுவரவு:
காலையும் இரவும் கலவை இன்சுலின் (சீக்கிரம் வேலை செய்றதும் மெதுவா வேலை செய்றதும் கலந்தது), வலிப்புக்கு பெனிட்டாயின். இப்படி ஒருத்தர் விசாரணைக் கைதியா உள்ளே போனா எதைக் கவனிக்கணும்? குடும்பம் என்ன எழுதிக் கொடுக்கணும்? "உள்ளே டாக்டர் இருப்பார்"ங்கிற பதில் வேண்டாம்.

மாத்திரைப்பட்டை:
கைமாறும் இடத்துலதாங்க மருந்து தவறும். காவல் நிலையம், நீதிமன்றம், வண்டி, சிறை வாசல் சோதனை. கையில் இருக்கிற மருந்தை வாசல்ல வாங்கி வெச்சுடுவாங்க. சிறை மருத்துவர் எழுதினாத்தான் மறுபடி கைக்கு வரும். அந்த இடைவெளி ஒரு நாளோ மூணு நாளோ ஆகலாம்.

முதல் கவலை பெனிட்டாயின். சட்டுனு நின்னா விடாத வலிப்பு வரலாம். 5 நிமிடம் தாண்டினா ஆஸ்பத்திரிதான்.

இன்சுலின்ல சிக்கல் நேரம். சாதாரண கலவை இன்சுலினைச் சாப்பாட்டுக்கு 30 நிமிடம் முன்னாடி போடணும். உள்ளே ஊசி மருந்தறை திறக்கிற நேரத்துக்கு, சாப்பாடு சமையற்கூடத்து நேரத்துக்கு. ஊசிக்கு அப்புறம் சாப்பாடு வர இரண்டு மணி நேரம் ஆனா ரத்தச் சர்க்கரை 70 mg/dL-க்குக் கீழே இறங்கிடலாம். சாயங்காலமே சாப்பாடு போட்டுப் பூட்டினா நடுராத்திரியில் இறங்கலாம். வியர்வை, நடுக்கம், உளறல் எல்லாம் காவலர் கண்ணுக்குப் போதை மாதிரியோ திமிர் மாதிரியோதான் தெரியும். 15 கிராம் சர்க்கரை, அதாவது சுமார் 3 டீஸ்பூன், செல்லுக்குள்ளேயே இருக்க அனுமதி எழுதி வாங்குங்க. மருந்தறையில் இருக்கிற சர்க்கரை ராத்திரி 2 மணிக்கு உதவாது.

கடிதம் ஒரே பக்கம் போதும்: நோய், மருந்தின் வேதிப்பெயர் (கம்பெனிப் பெயர் மட்டும் எழுதினா அங்கே இல்லைன்னு சொல்லிடுவாங்க), யூனிட், மில்லிகிராம், கடைசியா போட்ட நேரம், ஒவ்வாமை, டாக்டர் கையெழுத்து. ஒரு பிரதி நீதிமன்றத்துக்கு, ஒண்ணு சிறை மருத்துவருக்கு. ஒப்புகை வாங்காம வராதீங்க.

மனுக்காரர்:
சிகிச்சை கேட்டு நீதிமன்றத்துல மனு போட்டா, ஐ.நா. பொதுச்சபை 2015-ல் ஏற்ற மண்டேலா விதிகளை (கைதிகளை எப்படி நடத்தணும்ங்கிற குறைந்தபட்ச விதிகள்) அதில் சேருங்க. அது நெறிமுறைதான், நேரடிச் சட்டம் இல்லை. ஆனாலும் எடை உண்டு. விதி 24: வெளியே கிடைக்கிற அதே தரத்தில் இலவச சிகிச்சை. விதி 26: கைதி கேட்டா தன் மருத்துவக் கோப்பைப் பார்க்கலாம், வேறு சிறைக்கு மாத்தினா கோப்பும் கூடவே போகணும். விதி 27: மருத்துவ முடிவை மருத்துவம் சாராத சிறை அதிகாரி மாத்தவோ புறக்கணிக்கவோ கூடாது.

"தகுந்த சிகிச்சை தருக"ன்னு மட்டும் கேட்காதீங்க. "தரப்பட்டது"ன்னு ஒரு வரி பதில் வரும், கதை முடிஞ்சது. எந்தத் துறை, எந்தப் பரிசோதனை, எந்தத் தேதிக்குள்னு கேளுங்க. வெளி ஆஸ்பத்திரிக்குப் போறது நிக்கிறது பல நேரம் வழிக்காவலுக்கு (கூட வர்ற போலீசுக்கு) ஆள் இல்லாமதான். அதையும் மனுவிலேயே கேட்டுடுங்க.

புதுவரவு:
நன்றிங்க. கூட இருக்கிறவங்ககிட்ட இருந்து தொத்துறது?

சளிக்குப்பி:
காசநோய்தான் பெரிசு. நெரிசல், காத்தோட்டம் இல்லாத அறை. சர்க்கரை நோயாளிக்கு ஆபத்து இன்னும் இரண்டு மூணு மடங்கு. இருமல் இரண்டு வாரத்துக்குள்ள நின்னா சரி, நிக்கலைன்னா சளிப் பரிசோதனை கேட்கணும். சிகிச்சை ஆரம்பிச்சா இவருக்கு ஒரு சிக்கல் இருக்கு: காசநோய் மருந்துகள்ல ரிஃபாம்பிசின் பெனிட்டாயினை உடம்புல இருந்து சீக்கிரம் வெளியேத்தும், ஐசோநயசிட் தேக்கி வைக்கும். ரத்தத்தில் பெனிட்டாயின் அளவு பார்க்காம ஓட்டக் கூடாது. சர்க்கரையும் ஏறலாம்.

சொறி வந்தா 5% பெர்மெத்ரின் களிம்பு, செல்லில் இருக்கிற எல்லாருக்கும் ஒரே ராத்திரி, வாரம் கழிச்சு இன்னொரு தடவை. ஒருத்தருக்கு மட்டும் பூசினா திரும்ப வரும்.

மாத்திரைப்பட்டை:
ஒண்ணு விட்டுப்போச்சு. ஜாமீன் கிடைச்சு அவசரமா வெளியே வரும்போது இன்சுலினும் மருந்துச் சீட்டும் உள்ளேயே தங்கிடும். ஜாமீன் மனு போடுற அன்னைக்கே வெளியே ஒரு வாரத்துக்கு மருந்து வாங்கி வெச்சுடுங்க. உள்ளே அளவு மாத்தியிருக்கலாம், அதனால பழைய யூனிட்டை அப்படியே போடாம முதல்ல சர்க்கரையைப் பாருங்க.