கையில் 19,400: சென்னையில் லிஃப்ட் சர்வீஸ் வேலையில் தொடரலாமா?

ஆவடி சர்வீஸ்:
வணக்கம். ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் முடித்துவிட்டு ஆறு வருடமாக லிஃப்ட் சர்வீஸில் இருக்கிறேன். அண்ணா நகர், முகப்பேர், அம்பத்தூர் என் ரூட், மொத்தம் 68 லிஃப்ட். சம்பளம் 20,900. பி.எஃப். 1,320, இ.எஸ்.ஐ. 157 போக கையில் 19,400 சொச்சம். திருமுல்லைவாயலில் வாடகை 8,000, வீட்டுக்காரர் சப் மீட்டர் வைத்து கரண்டுக்கு யூனிட் 8 ரூபாய் வாங்குவதால் அரசு தருகிற இலவச யூனிட் எங்களுக்கு வந்து சேருவதே இல்லை. ஜூனில் பெண்ணை எல்.கே.ஜி.யில் சேர்க்க வேண்டும், அதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை.

வாரத்தில் மூன்று ராத்திரி ஸ்டாண்ட்பை. போன வாரம் 2:40க்கு போன், முகப்பேரில் மூன்றாவது மாடிக்கும் நாலாவதுக்கும் நடுவில் ஒரு பெரியம்மாவும் பேரனும் மாட்டிக்கொண்டார்கள். மெஷின் ரூமுக்கு ஏறி மெயினை ஆஃப் செய்து, பிரேக்கை லீவரால் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்து, நாலாவது மாடி லெவலுக்குக் கொண்டுவந்து கதவைத் திறந்தேன். அந்தம்மா என் கையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. வீடு வந்து படுக்கும்போது 4:30, காலை 9க்கு மறுபடி ரூட். அந்த ராத்திரிக்கு பேட்டா 150 ரூபாய்.

எரெக்‌ஷன் சப் காண்ட்ராக்டர் ஒருவர் புது லிஃப்ட் பொருத்தும் வேலைக்கு 27,000 தருகிறேன் என்கிறார், ஆனால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது. துபாய்க்கு ஒரு ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார். அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள்.

மெஷின்ரூம் 22:
தம்பி, முதலில் பெட்ரோல் கணக்கைச் சொல், சம்பளம் அங்கேதான் ஒழுகும். அந்த ரூட்டில் மாதம் 1,500 கிலோமீட்டராவது ஓடும், வண்டி லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தால் 33 லிட்டர், லிட்டர் 101 வைத்தாலே 3,300 தாண்டிவிடும். எங்கள் பழைய கம்பெனியில் மாதம் 2,000 என்று ஒரே தொகையாகக் கொடுத்தார்கள், மீதி என் கையிலிருந்துதான் போனது, டயர், ஆயில் தனி. இரண்டு மாதம் ஒவ்வொரு சர்வீஸ் அழைப்புக்கும் வண்டி மீட்டர் ரீடிங் எழுதி வைத்து நாலு பேர் சேர்ந்து மேனேஜர் முன்னால் வைத்தோம், அப்புறம்தான் கிலோமீட்டர் கணக்குக்கு மாற்றினார்கள். தனியாகப் போய்க் கேட்காதே. ராத்திரி அழைப்புகளையும் அதே நோட்டில் மணியோடு எழுது, ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலை என்றால் சட்டப்படி இரட்டிப்புக் கூலி, 150 பேட்டாவில் அது அடங்காது.

இ.எஸ்.ஐ.க்குப் போகிற அந்த 157 ரூபாயை லேசாக நினைக்காதே. என் கூட இருந்த பையன் ராத்திரி அழைப்புக்குப் போகும்போது பாடி மேம்பாலத்தில் வண்டியோடு சறுக்கி விழுந்து கால் உடைந்து நாலு மாதம் வீட்டில் இருந்தான். வேலைக்குப் போகிற வழியில் நடக்கிற விபத்தும் இ.எஸ்.ஐ.யில் வரும். சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் அவனுக்கு வந்துகொண்டே இருந்தது, ஆபரேஷனுக்கு ஒரு ரூபாய் செலவில்லை. 21,000க்கு மேல் சம்பளம் போனால் இ.எஸ்.ஐ. நின்றுவிடும் என்பதால் உயர்வு கேட்கும்போது குடும்பத்துக்கு மெடிக்கல் இன்சூரன்ஸும் சேர்த்துக் கேள். நடுவில் தாண்டினாலும் அந்த ஆறு மாதப் பருவம், அதாவது செப்டம்பர் அல்லது மார்ச் முடியும்வரை ஓடும்.

கைடு ரெயில்:
நான் எரெக்‌ஷன்தான், ஒன்பது வருடம். 27,000 என்பது சைட் ஓடுகிற மாதத்துக்கு. பில்டர் லிஃப்ட் ஓடுகிற குழியை, அதாவது ஷாஃப்ட்டை ஒழுங்காக முடித்துத் தராமல் இழுத்தால் நாம் சும்மா உட்கார வேண்டும். போன நவம்பர் மழையில் ஷாஃப்ட்டின் அடிக்குழி முழுக்கத் தண்ணீர், பதினோரு நாள் வேலை இல்லை, கூலியும் இல்லை. பெல்ட், லைஃப்லைன் காண்ட்ராக்டர் தருகிறாரா, எட்டாவது மாடியில் பிராக்கெட் அடிக்கும்போது எதில் நிற்கச் சொல்கிறார் என்று போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பலகையைக் குறுக்கே போட்டு நில் என்றால் 40,000 கொடுத்தாலும் வேண்டாம், குழந்தை இருக்கிறது.

ஷார்ஜா தென்காசி:
ஒன்றரை லட்சம் கேட்கிற ஏஜென்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிடாதீர்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் சர்வீஸ் சார்ஜாக 30,000, அதற்கு ஜி.எஸ்.டி., அவ்வளவுதான் வாங்கலாம். அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அவர் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

எனக்கு மாதம் 2,000 திர்ஹாம், ரூம் கம்பெனியுடையது. சாப்பாட்டுக்கு 450, போனுக்கு 100, சோப்பு சலூன் என்று ஒரு 50 போக 1,400 மிஞ்சும், 23 ரூபாய் வைத்தால் 32,200. அங்கே உங்களுக்கு மிஞ்சுவதைவிட அதிகம், மறுக்கவில்லை. ஆனால் என் மகன் நடக்க ஆரம்பித்ததை வீடியோவில்தான் பார்த்தேன். வருவதானால் ரூம், டிக்கெட், ஓ.டி. மூன்றும் ஆஃபர் லெட்டரில் எழுத்தில் இருக்கிறதா பாருங்கள், வாய்ச்சொல் இங்கே செல்லாது.

ஆவடி சர்வீஸ்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஏஜென்டிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எங்களுக்கும் பெட்ரோலுக்கு 2,000தான் அண்ணா. ராத்திரி மனைவியோடு உட்கார்ந்து பில்லை எல்லாம் கூட்டிப் பார்த்தோம், போன மாதம் 3,480 ஆகியிருக்கிறது. ரூட்டில் இன்னும் மூன்று பேரிடம் பேசிவிட்டேன், திங்கட்கிழமையிலிருந்து நாலு பேரும் மீட்டர் எழுதுகிறோம். மெஷின்ரூம் அண்ணா, அந்த நோட்டில் லிஃப்ட் வைத்திருக்கிற பார்ட்டியிடம் கையெழுத்து வாங்கினீர்களா, இல்லை சர்வீஸ் ரிப்போர்ட் நம்பர் எழுதினால் போதுமா?