ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல் மருத்துவர்: வேலூர் கிராமங்களுக்கு எது முதலில் வேண்டும்?

பாலாற்றங்கரை:

அடுத்த கிராம சபைக்கு எங்கள் ஊராட்சியில் ஒரு தீர்மானம் எழுதிக்கொண்டிருக்கிறோம். “ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பல் சிகிச்சை நாற்காலியும் நிரந்தரப் பல் மருத்துவரும் வேண்டும்” என்பதுதான் வாசகம். இந்த இணையக் குழுவில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பழைய வட ஆற்காட்டுக்காரர்கள். 2019-இல் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தது. பல்வலி வந்தால் ஏழைகள் போகிற வழி மட்டும் பிரிவினைக்கு முன்பு எப்படியோ அப்படியேதான் இருக்கிறது.

முதலில் கிராம்பு. பிறகு மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் வலி மாத்திரை. கன்னம் வீங்கினால் ஆன்டிபயாடிக். வீக்கம் வடிந்ததும் அதையும் பாதியில் நிறுத்திவிடுவார்கள். கடைசியில் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ வேலூர் சி.எம்.சி. தனியார் மருத்துவமனைக்கோ பஸ் ஏறும்போது, அடைத்துக் காப்பாற்றியிருக்க வேண்டிய பல்லைப் பிடுங்குவதைத் தவிர வேறு வழி இருக்காது.

என் சின்னம்மா பீடி சுற்றுகிறவர். கன்னத்தோடு சேர்த்துத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, முறத்தை மடியில் வைத்து இலை வெட்டிக்கொண்டிருப்பார். வலியில் வாய் திறந்து பேச முடியாது. கத்தரிக்கோல் மட்டும் நிற்காது. கூலி ஆயிரம் பீடிக் கணக்கில்தான் வருகிறது. ஒரு நாள் முழுவதும் மருத்துவமனை வரிசையில் நின்றால் அன்றைய ஆயிரம் போய்விடும். பல் மருத்துவம் அவர் நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும். இதில் யாருக்காவது மாற்றுக் கருத்து இருக்கிறதா?

குடியாத்தம் பல் மருத்துவர்:

எனக்கு இருக்கிறது. நோக்கத்தில் குறை சொல்லவில்லை, தீர்மானத்தின் வாசகத்தைத்தான் எதிர்க்கிறேன்.

நாற்காலியை வாங்கிப் போட்டால் சிகிச்சை நடக்காது. அதற்குக் கம்ப்ரசர் வேண்டும், உறிஞ்சி வேண்டும், கருவிகளைக் கொதிநீராவியில் சுத்தம் செய்யும் ஆட்டோகிளேவ் வேண்டும், உதவிக்கு ஓர் ஆள் வேண்டும். நம் பக்கத்து உப்புத் தண்ணீரை அப்படியே விட்டால் பல்லைக் குடையும் கருவியின் நுண்குழாய் அடைத்துக்கொள்ளும். பழுது பார்க்கிறவர் சென்னையிலிருந்து வரும் வரை நாற்காலியின் மேல் பிளாஸ்டிக் உறைதான் கிடக்கும். அரசுக் கட்டடம் ஒன்றில் அப்படிக் கிடந்த நாற்காலியை நானே பார்த்திருக்கிறேன்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். சமவெளியில் சுமார் 30,000 பேருக்கு, மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அரசு வைத்திருக்கும் அளவுகோல். ஒரு பல்லை ஒழுங்காகச் சுரண்டி அடைக்க அரை மணி நேரம் ஆகும். ஒருவர் நாள் முழுவதும் குனிந்தபடி நின்றாலும் பன்னிரண்டு பேருக்கு மேல் அடைக்க முடியாது. வெளியே வரிசை நீண்டால் அவர் என்ன செய்வார்? ஐந்து நிமிடத்தில் பிடுங்கி அனுப்புவார். நீங்கள் தடுக்க நினைக்கும் அதே காரியம்தான் நடக்கும்.

குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, ஆற்காடு என்று எந்த ஊர்க் கடைவீதியில் நடந்தாலும் பல் மருத்துவமனைப் பலகைகள் தெரிகின்றன. படித்து முடித்து மாதச் சம்பளம் கிடைக்காமல் தவிக்கும் இளம் பல் மருத்துவர்கள் ஏராளம். கடைவீதி மருத்துவர்களிடம் செய்துகொள்ளும் பல் அடைப்புக்கும் வேர் சிகிச்சைக்கும் (ரூட் கெனால்) முதல்வரின் காப்பீட்டுத் திட்டம் பயன்பட வேண்டும். அவற்றைச் சேர்த்தால் உங்கள் சின்னம்மா அடுத்த தெரு மருத்துவரிடமே போகலாம். புதிய கட்டடமும் வேண்டாம், புதிய நாற்காலியும் வேண்டாம்.

பாலாற்றங்கரை:

டாக்டர் ஐயா, கடைவீதிப் பலகைகள் கடைவீதியில்தானே இருக்கின்றன? அகரம்சேரியிலோ அணைக்கட்டு ஒன்றியத்தின் உள்கிராமங்களிலோ எத்தனை பலகைகள் பார்த்தீர்கள்? காப்பீட்டு அட்டையால் மருத்துவரை ஊருக்குள் கொண்டுவர முடியாது.

அட்டையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. அங்கே ஏழைகளுக்கான மெடிகெய்டு காப்பீட்டில் பெரியவர்களின் பல் சிகிச்சையைச் சேர்ப்பதும் விடுவதும் அந்தந்த மாநிலத்தின் விருப்பம். சேர்த்த மாநிலங்களிலும், கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று பல தனியார் பல் மருத்துவர்கள் அந்த அட்டையை ஏற்பதில்லை. அந்த இடைவெளியை நிரப்பியவை 1965 முதல் வளர்ந்துவந்த சமுதாய சுகாதார மையங்கள். அங்கே வருமானத்துக்குத் தக்கபடி கட்டணம் குறையும். கையில் பணம் இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. 2016 ஜூனில் பல் மருத்துவத்தை விரிவாக்குவதற்கென்றே 420 மையங்களுக்கு ஏறத்தாழ 15.6 கோடி டாலர் ஒதுக்கினார்கள். உடம்பைப் பார்க்கும் அதே இடத்தில் பல்லையும் பார்க்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. நம்மிடம் அந்த இடம் ஏற்கெனவே இருக்கிறது, அதுதான் ஆரம்ப சுகாதார நிலையம்.

குடியாத்தம் பல் மருத்துவர்:

நல்ல உதாரணம், ஆனால் அது என் பக்கமும் பேசும். அந்தத் தொகையைக் கொண்டு பல் மருத்துவர்கள், பல் சுகாதாரப் பணியாளர்கள், உதவியாளர்கள் என்று சுமார் 1,600 பேரை நியமிப்பதுதான் திட்டம். முதன்மையாக ஆட்களுக்கான பணம் அது. உங்கள் தீர்மானத்தில் ஒரு மருத்துவரும் ஒரு நாற்காலியும்தான் இருக்கிறார்கள். உதவியாளர் எங்கே? பற்காரை எடுக்கும் பணியாளர் எங்கே? நம் நாட்டின் 1948-ஆம் ஆண்டு பல் மருத்துவர் சட்டத்திலேயே பல் சுகாதாரப் பணியாளர் என்ற பிரிவு இருக்கிறது. கிராமத்தில் அப்படி ஒருவரையாவது யாராவது பார்த்ததுண்டா?

பேரணாம்பட்டு டீச்சர்:

இரண்டு பேரும் பெரியவர்களின் வாயைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். என் வகுப்பில் வந்து பாருங்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளில் முன்பல் நான்கும் கறுத்துக் கரைந்தவர்கள் இருக்கிறார்கள். மத்தியானச் சாப்பாட்டில் முட்டையை ஒரே பக்கமாக மெல்லும் பிள்ளைக்கு எந்தப் பக்கம் வலி என்று கேட்காமலே எனக்குத் தெரியும். “பால் பல்தானே டீச்சர், விழுந்து முளைக்கும்” என்று பெற்றோர் சொல்கிறார்கள். கடைவாய்ப் பால் பல் விழுவதற்குப் பத்து, பதினொரு வயதாகிவிடும். அதுவரை அந்தப் பிள்ளை வலியோடுதான் உட்கார்ந்திருக்க வேண்டுமா?

2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் பள்ளிக்கு மருத்துவக் குழு வந்து பார்க்கிறது. பல் சொத்தையும் அவர்கள் பட்டியலில் உண்டு. சீட்டும் எழுதிக் கொடுக்கிறார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பிள்ளையை அழைத்துப் போக ஆள் இல்லாததால் அந்தச் சீட்டு புத்தகப்பையிலேயே மடிந்து கிழிகிறது.

நாற்காலியே தேவைப்படாத சிகிச்சைகள் இருக்கின்றன. எங்கள் பள்ளியில் நடந்த முகாம் ஒன்றில் பார்த்தேன். பிள்ளையை இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுக்க வைத்தார்கள். ஊசியும் இல்லை, இயந்திரச் சத்தமும் இல்லை. சிறு கரண்டி போன்ற கைக்கருவியால் மெத்தென்றிருந்த சொத்தையைச் சுரண்டி எடுத்து, பஞ்சை உருட்டி வைத்துப் பல்லை உலர்த்தினார்கள். பொடியையும் திரவத்தையும் குழைத்துக் குழியில் வைத்து, வாசலின் தடவிய விரலால் அழுத்தினார்கள். மின்சாரமே வேண்டாம். 1980-களில் தான்சானியாவில் உருவான முறை என்று அந்த மருத்துவர் சொன்னார். இன்னும் சில பிள்ளைகளுக்கு வெள்ளி கலந்த ஃபுளோரைடு மருந்தை ஒரு சொட்டு தொட்டுத் தடவினார்கள். சொத்தை அப்படியே கறுத்து இறுகி நின்றுவிடுகிறது. அந்த மருந்தையும் அடைக்கும் அந்தக் கலவையையும் 2021-இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஒரு நாற்காலி வாங்குகிற செலவில் ஒரு ஒன்றியத்தின் பள்ளிகள் அத்தனையும் சுற்றி வந்துவிடலாமே?

கிராம செவிலி:

டீச்சர் சொல்வதை வரவேற்கிறேன். ஆனால் இந்தப் பேச்சு போகப் போக “செவிலியர்களே தடவிவிடட்டும்” என்று முடியும் என்பது எனக்குத் தெரியும். தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, குடும்ப நலம், கைப்பேசியில் ஏற்ற வேண்டிய கணக்கு என்று நாள் முழுவதும் ஓடுகிறோம். புதிய பணியிடம் இல்லாமல் புதிய பதிவேடு மட்டும் வந்தால், பதிவேடு நிரம்பும், யாருடைய வாயையும் யாரும் பார்க்க மாட்டார்கள்.

எங்களால் முடிந்தது ஒன்று உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை போகிறது. சர்க்கரை கட்டுப்படாதவருக்கு ஈறு சீக்கிரம் கெடும். ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினம். மாத்திரை கொடுக்கப் போகிறவர் டார்ச் அடித்து வாயை ஒரு நிமிடம் பார்க்கலாம். வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ தெரிந்தால் அன்றைக்கே சொல்லி அனுப்பலாம். குட்கா 2013 முதல் மாநிலத்தில் தடையில் இருக்கிறது. ஆனாலும் கீழுதட்டில் புகையிலைப் பொட்டலம் அடக்கிய வாலிபர்களை நான் பார்க்காத வாரம் இல்லை. வாய்ப் புற்றுநோயை முதலில் பார்க்கக்கூடியவர்கள் நாங்கள்தான்.

ஆனால் சொல்லி அனுப்புவதற்கு ஓர் இடம் வேண்டுமே! அங்கே ஒரு மருத்துவர் இருக்க வேண்டுமே! அதனால் நாற்காலி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

குடியாத்தம் பல் மருத்துவர்:

சகோதரி சொல்வது சரி. டீச்சருக்கு ஒரு எச்சரிக்கை. அந்த வெள்ளி மருந்தை எல்லாச் சொத்தைக்கும் தடவக் கூடாது. சொத்தை நரம்பு வரை போய்ச் சீழ் கட்டியிருந்தால், மேலே கறுத்து இறுகியதாகத் தெரியும், உள்ளே சீழ் பரவிக்கொண்டிருக்கும். எது தடவக்கூடிய பல், எது கூடாத பல் என்று பிரித்துப் பார்க்கத்தான் ஐந்து ஆண்டுகள் படிக்கிறோம். ஏழைப் பிள்ளைக்கு இது போதும் என்று அரைகுறைப் பயிற்சி பெற்றவரிடம் ஒப்படைப்பதை நான் ஏற்க மாட்டேன்.

பேரணாம்பட்டு டீச்சர்:

டாக்டர், நியூசிலாந்தில் 1921-லேயே பள்ளிப் பல் செவிலியர்களுக்கு இரண்டு ஆண்டு முழுநேரப் பயிற்சி கொடுத்து, பிள்ளைகளுக்குப் பல் அடைக்கும் வேலையை ஒப்படைத்தார்கள். அதை அரைகுறைப் பயிற்சி என்று சொல்லிவிட முடியாது. நானும் செவிலியர் தலையில் கட்டச் சொல்லவில்லை. இதற்கென்றே ஆளைப் படிக்க வைத்து நியமிக்கச் சொல்கிறேன். ஐந்தாண்டு படித்தவர் வரும் வரை காத்திருந்த பிள்ளைகள் பல்லை இழந்து வளர்ந்துவிட்டார்கள். அவர்களுக்கு யார் பதில் சொல்வது?

ஒடுகத்தூர் மலையடி:

சமவெளிக்காரர்களின் சண்டையில் குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை என்று ஜவ்வாது மலையில் அணைக்கட்டு ஒன்றியத்துக்கு மூன்று ஊராட்சிகள் இருக்கின்றன. அவற்றில் பல குக்கிராமங்களிலிருந்து ஒடுகத்தூர் வந்து சேர்வதற்கே பொழுது பாதி போய்விடும். காப்பீட்டு அட்டை கொடுத்தாலும் கீழே இறங்கித்தான் வர வேண்டும். நிலையத்தில் நாற்காலி போட்டாலும் பக்கத்துக் குன்றிலிருந்து ஏறி இறங்கித்தான் வர வேண்டும்.

“ஆலும் வேலும் பல்லுக்குறுதி” என்று மலைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்; பாட்டிமார்களின் பல்லைப் பாருங்கள். பேரப்பிள்ளைகளின் பல்லையும் பாருங்கள். சாலை போய்ச் சேராத ஊரிலும் ஐந்து ரூபாய் மிட்டாயும் பிஸ்கட்டும் போய்ச் சேர்ந்துவிட்டன. பற்பசை போகவில்லை, பல் மருத்துவர் போகவில்லை.

எங்களுக்கு வேண்டியது நாள் தவறாமல் வரும் பல் மருத்துவ வண்டி. மாதத்தில் இன்ன கிழமை, இன்ன ஊர்ப் பள்ளியில், காலை முதல் மாலை வரை என்று நிலையத்தின் சுவரில் பெயின்ட்டில் எழுதிப் போடுங்கள். முகாம் என்று ஒருமுறை வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவர்களால் ஒரு பயனும் இல்லை. பாதியில் விட்ட சிகிச்சையை யார் முடிப்பது? வேர் சிகிச்சையைத் தொடங்கிவிட்டு அடுத்த தடவை வராமல் போனால் அந்தப் பல் முன்பைவிட மோசமாகிவிடும்.

குடியாத்தம் பல் மருத்துவர்:

இதை மறுக்க எனக்கு வார்த்தை இல்லை. மலைக்குக் காப்பீடு பயன்படாது, வண்டிதான் சரி. சமவெளியில் என் நிலையில் மாற்றமில்லை. அங்கே காப்பீட்டை விரிவாக்கி, எங்களைப் போன்றவர்களை ஒப்பந்தத்தில் எடுத்து, செய்த வேலைக்குக் கட்டணம் கொடுங்கள். பிடுங்கினால் குறைவாக, காப்பாற்றினால் அதிகமாகக் கொடுங்கள். அப்போது மருத்துவரின் கையும் காப்பாற்றுகிற பக்கம்தான் போகும்.

பாலாற்றங்கரை:

கட்டணத்தை அப்படி வைப்பது நல்ல யோசனை ஐயா. ஆனால் வேலைக்கு ஏற்பப் பணம் என்றால் நல்ல பல்லுக்கும் வேர் சிகிச்சை நடக்கும் என்ற பயம் எனக்கு இருக்கிறது. போன ஆண்டு ஒரு தனியார் இடத்தில் பல் மேல் போடும் உறையுடன் சேர்த்து மூன்று பல்லுக்கு வேர் சிகிச்சை என்று எனக்குச் செலவுக் கணக்கு கொடுத்தார்கள். இன்னொருவர் பார்த்துவிட்டு, ஒன்றை அடைத்தால் போதும் என்றார். சம்பளம் வாங்கும் அரசு மருத்துவருக்கு அந்தக் கணக்கு தேவையில்லை. அதனால் “நிரந்தரப் பல் மருத்துவர்” என்ற சொற்களைத் தீர்மானத்திலிருந்து நீக்க மாட்டேன்.

“நாற்காலி” என்று இருந்த இடத்தில் “நாற்காலி, உதவியாளர், பல் சுகாதாரப் பணியாளர், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்” என்று எழுதுகிறேன். பள்ளிகளுக்குக் கைக்கருவிச் சிகிச்சை, மலை ஊராட்சிகளுக்கு நாள் குறித்த வண்டி, இரண்டும் தனித்தனிக் கோரிக்கைகளாகப் போகும். நகலைத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடமும் கொடுக்கிறோம்.

கிராம செவிலி:

“கூடுதல் பணியிடத்துடன்” என்ற சொல்லையும் சேர்த்துவிடுங்கள் தம்பி. அது இல்லாமல் போனால் அந்த வேலை எங்கள் தலையில்தான் வந்து விழும்.

ஒடுகத்தூர் மலையடி:

வண்டிக் கோரிக்கையைக் கடைசியில் போடாதீர்கள் அண்ணா. கடைசியில் எழுதியது கடைசியில்தான் வரும்.