மௌன வாசிப்பு வேளையின் முணுமுணுப்பு

குழு: எங்கள் வீடு

திங்கள்

நான், இரவு 8.10: பெரியம்மா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஆறாம் வகுப்பில் மதிய உணவுக்குப் பின் இருபது நிமிடங்களை மௌன வாசிப்புக்கு ஒதுக்கியிருக்கிறேன். ஐந்து நிமிடம் கழிந்ததும் ஒருவன் புத்தகத்தை மாற்ற எழுகிறான், ஒருத்தி தண்ணீர் குடிக்க அனுமதி கேட்கிறாள், கடைசி வரிசையில் நால்வர் முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறார்கள். இன்று பொறுமையிழந்து அந்த நால்வரையும் எழுப்பி நிற்க வைத்துவிட்டேன். அது மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சித்தப்பா, 8.16: எங்கள் காலத்தில் பேசுபவர்களின் பெயரை வகுப்புத் தலைவன் கரும்பலகையில் எழுதுவான். அதையே செய்து பாரம்மா.

பெரியம்மா, 8.31: தம்பி, பெயர் எழுதுகிற பிள்ளை அந்த இருபது நிமிடமும் ஒரு வரிகூடப் படிக்காது, மற்றவர்களும் புத்தகத்தை விட்டுவிட்டுக் கரும்பலகையையே பார்த்திருப்பார்கள். கண்ணு, அந்த நால்வர் கையிலும் என்ன புத்தகம் இருந்தது?

நான், 8.33: கவனிக்கவில்லை, பெரியம்மா.

பெரியம்மா, 8.47: அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். தடையின்றிப் படிக்கத் தெரிந்த பிள்ளைதான் வாய் திறக்காமல் படிக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்குத் தன் குரல் தன் காதில் விழுந்தால்தான் சொல் பிடிபடும். நீ அரட்டை என்று நினைத்த முணுமுணுப்பு அவர்களுடைய வாசிப்பாகவே இருக்கலாம். நாளை அவர்கள் அருகில் போய் உட்கார்ந்து, ஒரு பத்தியை உனக்கு மட்டும் கேட்கும்படி படிக்கச் சொல். ஒரு பக்கத்தில் ஐந்தாறு சொற்களில் தடுக்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு அவர்களுக்கு உரியதன்று. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கான வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் உங்கள் பள்ளியில் இருக்குமே, அவற்றில் எளிய வரிசைகளான ‘நுழை’, ‘நட’ நூல்களைக் கொடு. சின்ன வகுப்புப் புத்தகம் என்று பிறர் கேலி செய்யாதபடி எல்லா வரிசை நூல்களையும் கலந்தே அடுக்கி வை.

அண்ணி, 9.02: நான் கல்வியியல் மாணவர்களுக்குச் சொல்வது ஒன்று உண்டு. அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000ஆம் ஆண்டு அளித்த அறிக்கை, ஆசிரியரின் வழிகாட்டுதல் இல்லாத மௌன வாசிப்பு வாசிப்புத் திறனை உயர்த்துகிறது என்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை என்றது. அதற்காக அதைக் கைவிட வேண்டியதில்லை. ஆசிரியர் அந்த நேரத்தில் நோட்டுத் திருத்தாமல் ஒவ்வொரு நாளும் இரண்டு மூன்று பிள்ளைகளிடம் தாழ்ந்த குரலில் பேச வேண்டும் என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

நான், 9.05: நான் நோட்டுத்தான் திருத்திக்கொண்டிருந்தேன், அண்ணி.

பெரியம்மா, 9.14: இருபது நிமிடமும் தொடக்கத்துக்கு அதிகம். எட்டு நிமிடத்தில் தொடங்கி, அது பழகிய பிறகு கூட்டு. காலை வணக்கம் முடிந்து வகுப்புக்கு வந்ததுமே ஆளுக்கு இரண்டு புத்தகம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். பிறகு அலமாரிக்கு நடக்கும் வேலை இராது. தண்ணீரும் கழிப்பறையும் மணி அடிப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

அடுத்த வாரம், வியாழன்

நான், இரவு 7.40: பெரியம்மா, அந்த நால்வரில் மூவர் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள். அவர்களைச் சன்னலோரம் உட்கார வைத்து, மெல்லிய குரலில் படித்துக்கொள்ளலாம் என்று வகுப்பு முழுவதும் கேட்கும்படி சொன்னேன். இப்போது அந்தச் சத்தம் யாருக்கும் இடைஞ்சலாக இல்லை. இன்று பத்து நிமிடம் ஓடியது. நான்காமவன் நன்றாகப் படிக்கிறான், ஆனால் கதை எதிலும் அவன் மனம் ஒட்டவில்லை.

பெரியம்மா, 7.52: அவன் வீட்டில் என்ன தொழில் செய்கிறார்கள்?

நான், 7.53: அப்பா இருசக்கர வண்டி பழுது பார்க்கிறார்.

பெரியம்மா, 7.58: அப்படியானால் இயந்திரங்களைப் பற்றி, படங்களோடு உள்ள புத்தகம் ஏதேனும் நூலக அலமாரியில் இருக்கிறதா என்று நாளை அவனையே தேடிப் பார்க்கச் சொல்.