பாஸ் போட்டிக்குச் சிறிய படகா, பெரிய படகா? எங்கள் குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

நான்: அனைவருக்கும் வணக்கம். வரும் வசந்த காலத்திலிருந்து அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள கன்டர்ஸ்வில் ஏரியில், பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடிக்கும் போட்டிகளில் கலந்துகொள்ளலாம் என்றிருக்கிறேன். மாமாவைப் போல 20 அடிப் படகு ஒன்றைப் பழையதாகப் பார்த்து வாங்குவதா, அல்லது அக்கா நடுவராக உதவும் கயாக் (ஒருவர் உட்கார்ந்து ஓட்டும் குறுகிய சிறு படகு) போட்டித் தொடரில் சேருவதா என்பதில்தான் தயக்கம். இரண்டு பக்கமும் தெரிந்தவர்கள் இந்தக் குழுவிலேயே இருப்பதால் இங்கேயே கேட்கிறேன்.

மாமா: கன்டர்ஸ்வில் என்றால் பெரிய படகுதான் என்பேன். அந்த ஏரி டென்னசி ஆற்றின் மேல் நிக்காஜாக் அணை முதல் கன்டர்ஸ்வில் அணை வரை ஏறத்தாழ 75 மைல் நீண்டு கிடக்கிறது. பரப்பு 69,000 ஏக்கர். காலையில் நம்பிப் போன இடத்தில் மீன் கொத்தவில்லை என்றால், 250 குதிரைத்திறன் எஞ்சின் உள்ளவன் அரை மணி நேரத்தில் 30 மைல் தள்ளி ஏரியின் வேறொரு கிளையில் தூண்டில் போட்டுக்கொண்டிருப்பான். மணிக்கு மூன்று, நான்கு மைல் போகும், காலால் மிதித்து ஓட்டும் மிதி கயாக்கில் அதே தொலைவைக் கடப்பதற்குள் போட்டி நேரமே முடிந்துவிடும். தவறான இடத்தைத் தேர்ந்தெடுத்த பிறகும் அந்த நாளை மீட்டுக்கொள்ள வழி வைத்திருப்பதுதான் பெரிய படகின் உண்மையான பலம்.

அக்கா: மாமா, நீங்கள் சொல்லும் தொலைவுக் கணக்கு தண்ணீரின் மேல் மட்டும் சரி. உங்கள் போட்டிகளில் எல்லாப் படகுகளும் ஒரே படகுத் துறையிலிருந்து, வரிசை எண் அழைக்கப்படும்போது ஒவ்வொன்றாகப் புறப்பட வேண்டும். கயாக் தொடர்கள் பலவற்றில் எல்லைக்குட்பட்ட எந்தப் பொதுத் துறையிலும் இறங்கலாம். நடுவில் கரையேறி, கயாக்கைக் காரில் ஏற்றி, வேறு துறைக்குப் போகவும் சில தொடர்கள் அனுமதிக்கின்றன. ஆகவே உங்களுக்குப் பெரிய எஞ்சின் போல, எங்களுக்குக் கார். 30 மைல் தள்ளியுள்ள கிளையில் விடியும்போதே தூண்டிலோடு நிற்பவர் கயாக்காரராகவும், அங்கே வந்து சேர அரை மணி நேரம் செலவிடுபவர் பெரிய படகுக்காரராகவும் இருக்கலாம். ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன்: துறை மாற்ற வேண்டுமானால் ஏற்றிக் கட்டி, ஓட்டிப் போய், மறுபடி இறக்குவதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். அதனால் கயாக்காரர் முந்தைய நாளே வரைபடத்தோடு உட்கார்ந்து ஒரு கிளையை முழுதாக நம்ப வேண்டியிருக்கிறது.

மாமா: அந்தக் கார்க் கணக்கை நான் யோசித்ததே இல்லை. வசந்தத்தில் மீன் கரையோரம் முட்டையிட ஏறி வரும்போது நீ சொல்வது அப்படியே பொருந்தும். கோடையில் பொருந்தாது. அப்போது இந்த ஏரியின் பெரிய மீன்கள் கரையை விட்டு விலகி, பழைய ஆற்றுப் படுகையின் விளிம்புகளில் கூட்டமாக நிற்கும். அங்கே சரக்குப் படகுகள் கிளப்பும் அலையும் காற்றும் சேர்ந்து வரும்போது, முன்முனையில் உள்ள 36 வோல்ட் ட்ரோலிங் மோட்டார் (மெதுவாக நகர்த்தும் சிறு மின்மோட்டார்) ஜிபிஎஸ் துணையோடு படகை ஒரே புள்ளியில் நிறுத்திவைக்க, நான் இரண்டு கைகளாலும் தூண்டிலை மட்டும் கவனிப்பேன். நாள் முழுவதும் நின்றுகொண்டே வீச முடிவதும், பத்துப் பதினைந்து தூண்டில் கோல்களைக் கட்டித் தயாராக வைத்திருப்பதும் சிறிய வசதிகள் அல்ல.

சித்தப்பா: சிறிய படகு என்றாலே கயாக் என்று நினைத்துவிடாதீர்கள். நான் இருக்கும் மேரிலாந்தில் பால்டிமோர் நகருக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கங்களில் பெட்ரோல் எஞ்சினை ஓட்ட அனுமதியே இல்லை. மின்கல மோட்டார் மட்டும்தான். பென்சில்வேனியாவின் மாநிலப் பூங்கா ஏரிகள் பலவற்றிலும் இதே விதி. இத்தகைய நீர்நிலைகளில் தட்டை அடி கொண்ட அலுமினிய ஜான் போட்டில் போட்டி நடக்கும்போது எல்லோருடைய வேகமும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுவதால், யார் முதலில் போய்ச் சேர்ந்தார் என்பதை விட யார் ஒரே கரையைப் பொறுமையாகத் துழாவினார் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. எனக்கு இந்த வகைப் போட்டியின் மேல் தனி மதிப்பு உண்டு. உலகச் சாதனையாக இன்றும் பேசப்படும் 22 பவுண்டு 4 அவுன்ஸ் லார்ஜ்மவுத் வகைப் பாஸ் மீனை ஜார்ஜ் பெர்ரி 1932இல் ஜார்ஜியாவில் பிடித்ததும் கையால் செய்த ஒரு சிறு படகில் இருந்துதான். 2009இல் ஜப்பானின் பீவா ஏரியில் பிடிபட்ட மீன் அதைச் சமன் செய்தது.

அத்தை: எனக்கு மீனை விட ஆள் பத்திரமாகத் திரும்புவதுதான் முக்கியம். எதில் ஆபத்து குறைவு என்று யாராவது ஒளிக்காமல் சொல்லுங்கள்.

மாமா: ஆபத்து இரண்டிலும் உண்டு, ஆனால் ஒரே வகை அல்ல. என் படகு மணிக்கு 70 மைலைத் தொடும். அந்த வேகத்தில் மிதக்கும் மரக்கட்டை ஒன்றில் மோதினால் போதும். அதனால்தான் பெரிய எஞ்சின் ஓடும்போது லைஃப் ஜாக்கெட் அணிந்திருப்பதும், ஓட்டுபவர் இடம் விட்டு விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்ச் கயிறு அவர் மேல் மாட்டியிருப்பதும் போட்டி விதியாகவே இருக்கின்றன. 26 அடிக்கும் குறைவான மோட்டார் படகுகளில் அந்தக் கயிற்றைப் பயன்படுத்த வேண்டும் என்று 2021 ஏப்ரலில் அமெரிக்க மத்திய அரசின் சட்டமும் வந்துவிட்டது.

அக்கா: கயாக்கில் வேகம் ஆபத்தில்லை, அத்தை, குளிர்ந்த நீரும் மற்றவர்கள் கண்ணில் படாமல் இருப்பதும்தான் ஆபத்து. பிப்ரவரித் தண்ணீரில் கவிழ்ந்தவருக்கு முதல் நிமிடத்திலேயே மூச்சு திணறும். நாங்கள் தண்ணீரில் இருக்கும் நேரம் முழுவதும் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றக் கூடாது. உயரமான கொடி, விசில், விடியற்காலையில் வெள்ளை விளக்கு ஆகியவையும் வேண்டும். படகுகள் பறக்கும் முதன்மைக் கால்வாயை நடுவில் குறுக்கே கடப்பதைத் தம்பி தவிர்க்க வேண்டும்.

நான்: கயாக்கையும் பெரிய படகையும் ஒரே போட்டியில் சேர்த்து நடத்த முடியாதா? ஐந்து மீன்தானே இரண்டிலும் கணக்கு?

அக்கா: எண்ணிக்கை ஒன்று, அளவுகோல் வேறு. மாமா தன் ஐந்து மீன்களையும் படகிலுள்ள லைவ்வெல் என்ற தண்ணீர்த் தொட்டியில் உயிரோடு வைத்து, பெரியது கிடைக்கும்போது சிறியதை விடுவித்து, மாலையில் தராசுக்குக் கொண்டு வர வேண்டும். கயாக்கில் அவ்வளவு தண்ணீரைச் சுழற்றும் தொட்டிக்கு இடம் இல்லாததால், நாங்கள் மீனை நீளத்தால் மதிப்பிட்டுப் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுகிறோம். அளவுப் பலகையை முதலில் நனைத்துக்கொள்ள வேண்டும். மீனின் வாயை மூடி, மூக்கு பலகையின் முகப்பைத் தொடும்படி வைத்து, அன்றைய போட்டிக்கான அடையாள எண்ணும் வால் நுனியும் தெளிவாகத் தெரியும்படி ஒரு கையால் படம் எடுக்க வேண்டும். வால் ஒரு கோட்டைத் தொடவில்லை என்றால் அதற்கு முந்தைய கால் அங்குலம்தான் கணக்கு. மீன் துள்ளிப் படத்துக்கு முன்பே தண்ணீரில் விழுந்துவிட்டால் அது பிடிக்கப்படாத மீனே. படங்களைச் சரிபார்க்கும்போது நான் அதிகம் நிராகரிப்பது வாய் திறந்திருக்கும் படங்களையும், அடையாள எண் மறைந்திருக்கும் படங்களையும்தான். இதை வீட்டிலேயே பழகிக்கொள்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. முட்டையோடு பருத்திருக்கும் 20 அங்குல மீனும், முட்டையிட்டு மெலிந்த 20 அங்குல மீனும் எங்கள் பலகையில் சமம். மாமாவின் தராசில் அவற்றுக்கிடையே ஒரு பவுண்டுக்கு மேல்கூட வித்தியாசம் வரலாம். ஆகவே ஒரே ஏரியில் ஒரே நாளில் இரண்டு போட்டிகள் நடந்தாலும், தேட வேண்டிய மீன்கூட ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

சித்தப்பா: மீனின் பக்கத்திலிருந்தும் ஒரு வார்த்தை. பெரிய படகுப் போட்டிகளைப் பழிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பாஸ் போட்டிகளில் பிடித்த மீனை உயிரோடு விட வேண்டும் என்ற இயக்கத்தை 1972இல் தொடங்கியவரே, அந்தப் போட்டிகளை நடத்தும் பி.ஏ.எஸ்.எஸ். அமைப்பை நிறுவிய ரே ஸ்காட்தான். இறந்த மீன் ஒன்றுக்கு 4 அவுன்ஸ் கழிக்கும் விதி பல போட்டிகளில் இருக்கிறது. ஆனால் கோடையில் சூடேறிய நீரில் ஆக்சிஜன் குறையும்போது, ஐந்து பெரிய மீன்களைப் பல மணி நேரம் தொட்டியில் வைத்திருப்பது எவ்வளவு கவனமானவருக்கும் கடினம். எடை போட்ட மீன்களை ஒரே துறையில் விடும்போது அவற்றில் பல நீண்ட காலம் அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். வசந்தத்தில் கூடு காக்கும் ஆண் மீனைப் பத்து மைல் கொண்டுபோய்விட்டால், அது திரும்புவதற்குள் புளூகில் மீன்கள் முட்டைகளைத் தின்றுவிடும். கயாக் முறையில் அது சில நிமிடங்களில் கூட்டுக்குத் திரும்பிவிடுகிறது. இதற்காகவே எனக்கு அந்த முறை உயர்வாகத் தெரிகிறது.

மாமா: இதில் அண்ணன் சொல்வதோடு எனக்குச் சண்டை இல்லை. எங்கள் பக்கத்திலும் மேஜர் லீக் ஃபிஷிங் என்ற அமைப்பின் சில போட்டிகளில் மீனைப் படகிலேயே எடை போட்டு உடனே விட்டுவிடுகிறார்கள். படகு பெரிதென்பதற்காகத் தொட்டி கட்டாயமில்லை என்பதற்கு அதுவே சான்று.

வேகத்தைப் பற்றி நான் முதலில் அழுத்திச் சொன்னதற்கு ஒரு மறுபக்கத்தையும் சேர்க்கிறேன். பெரிய பாஸ் போட்டியான பாஸ்மாஸ்டர் கிளாசிக் 2014இல் இதே கன்டர்ஸ்வில்லில் நடந்தபோது, கடைசி நாள் காலையில் 11ஆம் இடத்தில் இருந்த ராண்டி ஹவல், திட்டத்தை அங்கேயே மாற்றிக்கொண்டு ஸ்பிரிங் கிரீக் பாலத்துக்குப் போய், 29 பவுண்டு 2 அவுன்ஸ் பிடித்துக் கோப்பையை வென்றார். பாலத்தடிக் கற்கரை கயாக்கால் எட்ட முடியாத இடம் அல்ல. அன்றைக்கு அங்கே மீன் ஏறி வரும் என்று உணர்ந்தது அவருடைய அறிவு. அதை எஞ்சின் கொடுக்கவில்லை.

நான்: அப்படியானால் பண விஷயத்தையும் கேட்டுவிடுகிறேன்.

மாமா: புதிய 21 அடிப் படகு கருவிகளோடு 80,000 டாலரைச் சாதாரணமாகத் தாண்டும். பழையது வாங்கினாலும் இழுக்கும் வண்டி, காப்பீடு, எரிபொருள், நிறுத்துமிடம் என்று தொடரும். நல்ல மிதி கயாக் சில ஆயிரம் டாலரில் முடியும். நீ முதல் இரண்டு பருவங்கள் கயாக்கில் மீனைப் படி. கோடை விளிம்பு மீன்பிடிப்புக்கு என் படகின் பின்தளத்தில் என்னோடு வா. அதற்குப் பிறகும் தொலைவுதான் உன்னைத் தடுக்கிறது என்று தோன்றினால் படகு பார்க்கலாம்.

அத்தை: எனக்கு இந்த ஏற்பாடு சம்மதம். தனியாகப் போகும் நாட்களில் எந்தத் துறையில் இறங்குகிறாய், எத்தனை மணிக்குக் கரையேறுவாய் என்பதை இந்தக் குழுவில் எழுதிவிட்டுப் போக வேண்டும்.

நான்: நிச்சயமாக எழுதுகிறேன், அத்தை. அக்கா, பதிவு செய்வதற்கு முன் நான் என்ன பார்க்க வேண்டும்?

அக்கா: விதித்தாளில் மூன்றைப் பார்: நடுவில் துறை மாற்ற அனுமதி உண்டா, மின்மோட்டாருக்கு வரம்பு என்ன, எந்த அளவுப் பலகை ஏற்கப்படும். முதல் கேள்விக்கு அனுமதி இல்லை என்று இருந்தால், ஏரியின் நடுப்பகுதியை விட்டுவிட்டு, கோரையும் நீர்ப்பாசியும் அடர்ந்த ஒரு கிளையின் வாயிலேயே இறங்கும்படி திட்டமிடு. சனிக்கிழமை வரைபடத்தை அனுப்பு. இருவரும் சேர்ந்து துறைகளைக் குறித்துவிடலாம்.